158 வெற்றிகள், 4 குண்டுவீச்சு விமானங்கள்: ஒரு ஜெர்மன் போர் விமானியின் பணிக்காலம்

ஆய்வின் வரம்பு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேயில் சண்டை விமானம் ஓட்டிய ஒருவரின் பணிக்காலம் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது 1940 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாய்க்கு மேல் தொடங்கி, 1942 செப்டம்பர் 30 அன்று எகிப்தின் பாலைவனத்தில் முடிந்தது. அப்போது அவருக்கு 22 வயது. பிரிட்டிஷ், தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதாக அவர் பெயரில் ஏறிய எண்ணிக்கை 158. மேற்கு நேச நாடுகளின் விமானங்களை இத்தனை வீழ்த்தியதாகக் கணக்கு வைத்திருக்கும் விமானி வேறு யாரும் இல்லை. ஆனால் அவர் சாகும்போது பக்கத்தில் எதிரி விமானம் ஒன்றுகூட இல்லை.

அவர் யாரென்று போர் வரலாறு படிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனாலும் விமானி, குரூப் தளபதி, விங்மேன் (ஜோடியாகப் பறந்து அவர் முதுகைக் காப்பவர்) என்று பொறுப்பை வைத்தே எழுதியிருக்கிறேன். பெயரைச் சொன்னால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் புகழ்க்கதையும் கூடவே வந்துவிடுகிறது. ஜாஸ் இசை கேட்பவர், நாஜிகளை மதிக்காதவர், பெண்களுக்குப் பிடித்தவர் என்று போருக்குப் பின் வந்த நினைவுக் குறிப்புகளில் நிறைய உண்டு. அவற்றை இங்கே தொடவில்லை. எந்த அரசுக்காகப் பறந்தார் என்பதில் சந்தேகமும் இல்லை.

ஆய்வுக்கு இரண்டு கேள்விகள் போதும். இவ்வளவு திறமை, அவர் சார்ந்த படைக்கு உண்மையில் எவ்வளவு பயன்பட்டது? அவர் சாவுக்கு இட்டுச்சென்ற முடிவுகளை யார், ஏன் எடுத்தார்கள்?

பின்னணி

பெர்லினில் 1919 டிசம்பரில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி, பெற்றோர் பிரிந்தவர்கள். 1938 நவம்பரில் அதிகாரிப் பயிற்சிக்காக விமானப்படையில் சேர்ந்தார். வியன்னாவுக்கு அருகில் உள்ள ஷ்வேசாட்டில் சண்டை விமானப் பயிற்சி. விமானம் ஓட்டுவதில் கைதேர்ந்தவர், ஒழுங்கில் சுழியம் என்பதுதான் பயிற்சிக் காலத்திலேயே அவரைப் பற்றி இருந்த பேச்சு. தண்டனைக் குறிப்புகள் சேரச் சேரப் பதவி உயர்வு தள்ளிப்போனது. கூடப் படித்தவர்கள் லெஃப்டினன்ட் ஆன பிறகும் இவர் அதிகாரிப் பயிற்சியாளர் நிலையிலேயே கிடந்தார்.

1940 ஆகஸ்டில் பிரான்சின் கலே பக்கத்துத் தளத்துக்கு வந்தார். அந்த மாதம் 24-ஆம் தேதி முதல் வெற்றி. பிரிட்டன் மீதான வான்போரில் மொத்தம் 7 வெற்றிகள் அவர் பெயரில் ஏறின. அதே சமயம் சொந்த விமானங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்தார். செப்டம்பர் 23 அன்று கால்வாயில் பாராசூட்டில் குதித்து, மணிக்கணக்காகத் தண்ணீரில் மிதந்து, மீட்பு விமானத்தால் உயிர் பிழைத்தார். அணியை விட்டுத் தனியே சண்டைக்குப் போகிறார் என்று மேலதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டித்தார்கள்.

அடுத்துப் போன படைப்பிரிவில் அவரது ஸ்குவாட்ரன் தலைவர் சில மாதங்களில் கை கழுவிவிட்டார். அதைக் குறை சொல்ல முடியாது. சண்டை விமானங்கள் இரண்டிரண்டாகப் பறப்பது எதற்காக? ஒருவர் சுடும்போது இன்னொருவர் அவர் முதுகைக் காப்பதற்காக. தன் ஜோடியை விட்டுவிட்டு இரை தேடிப் போகிறவர் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் பக்கத்தில் பறப்பவருக்கு ஆபத்துதான்.

1940 முடியும் தறுவாயில் 27-வது சண்டை விமான விங்கின் முதல் குரூப்புக்கு மாற்றப்பட்டார் (ஒரு விங்கில் சில குரூப்புகள், ஒவ்வொரு குரூப்பிலும் சில ஸ்குவாட்ரன்கள்). 1941 ஏப்ரலில் அந்த குரூப் லிபியாவுக்குப் போனது.

பாலைவனத்தில் முதல் மாதங்கள்

தொடக்கம் நன்றாக இல்லை. ஏப்ரல் 23 அன்று லிபியத் துறைமுகமான டோப்ருக்குக்கு மேல் ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானம் ஒன்றை வீழ்த்தினார். அதே நாளில் பிரிட்டிஷாருடன் சேர்ந்து பறந்த ஒரு சுதந்திர பிரெஞ்சு விமானி அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். காக்பிட்டைச் சுற்றிக் குண்டுகள் பாய்ந்தன. அந்தக் கணத்தில் விமானி முன்னால் சாய்ந்திருந்ததால் தலை தப்பியது. விமானத்தை வயிற்றால் உரசி இறக்கினார். மே 21 அன்று அதே பிரெஞ்சு விமானியிடமே மறுபடி அடி வாங்கினார்.

இந்த இடத்தில் குரூப் தளபதி எடுத்த முடிவுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வித்து. முந்தைய ஸ்குவாட்ரன் தலைவர்போல அவரும் இந்த ஆளைத் துரத்திவிட்டிருக்கலாம். அல்லது தண்டனை கொடுத்து வழிக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல், சொந்தமாகப் பயிற்சி செய்துகொள்ள இடம் கொடுத்தார். விமானிக்கு வேறெங்கும் கிடைக்காத சலுகை அது.

விமானி அதை வீணாக்கவில்லை. பணி முடிந்து தளத்துக்குத் திரும்பும் வழியில் அனுமதி கேட்டுக்கொண்டு, தன் தோழர்களின் விமானங்கள் மீதே பொய்த் தாக்குதல் நடத்திப் பழகினார். மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டிலிருந்து, தலைகீழாக என்று எல்லாக் கோணங்களிலும். கூர்மையான திருப்பங்களில் ரத்தம் கால்களுக்கு இறங்கிக் கண் இருட்டும். அதைத் தாங்கக் கால், வயிற்றுத் தசைகளுக்கு உடற்பயிற்சி செய்தார். கூலிங் கிளாஸ் போடாமல் பாலைவன வெளிச்சத்துக்குக் கண்ணைப் பழக்கினார். லிட்டர் கணக்கில் பாலும் குடித்தாராம். பார்வைக்கு அதில் என்ன பலன் கிடைத்ததோ தெரியாது, ஆனால் அந்த வயதில் அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை என்பது புரிகிறது.

1941 செப்டம்பர் 24 அன்று ஒரே நாளில் ஐந்து வெற்றிகள் என்று பதிவானது. அதற்குப் பிறகு அவரது முறை நிலைபெற்றுவிட்டது.

முறை வேலை செய்த விதம்

நேச நாடுகளின் பாலைவன விமானப்படையில் அப்போது அதிகம் இருந்தவை அமெரிக்கத் தயாரிப்பான கர்ட்டிஸ் பி-40 விமானங்கள். டோமஹாக், கிட்டிஹாக் என்று வேறு வேறு பெயர்களில் வந்தவை. தாழ்வான உயரத்தில் நல்ல விமானம்தான். திருப்பத்தில் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐவிடச் சிறப்பு. ஆனால் உயரம் கூடக்கூட அதன் எஞ்சின் மூச்சு வாங்கும். ஆகவே மெஸ்ஸர்ஷ்மிட்கள் எப்போதும் மேலேயிருந்து தாக்கின. தாக்கப்பட்டவர்கள் ஒருவர் வாலை ஒருவர் காக்கும்படி வட்டம் கட்டிச் சுற்றுவார்கள். பின்னாலிருந்து துரத்தி வருகிறவன் எவனும் வட்டத்தில் அடுத்து வருகிறவனின் துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியதாகிவிடும்.

வழக்கமான ஜெர்மன் பாடம் இதற்குச் சொன்ன தீர்வு: முழு வேகத்தில் பாய்ந்து, ஒரு முறை சுட்டு, அதே வேகத்தில் மேலே ஏறிவிடு. இந்த விமானி அதற்கு நேர்மாறாகச் செய்தார். வட்டத்துக்குள்ளேயே புகுந்தார். த்ராட்டிலைக் குறைத்து (எஞ்சின் வேகத்தைக் குறைத்து), இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃப்ளாப்பைக் கொஞ்சம் இறக்கி, எதிரியின் திருப்பத்தைவிட இறுக்கமாகத் திரும்பினார். எதிரி விமானத்தை நோக்கிச் சுடாமல், அது அடுத்த நொடியில் எங்கே இருக்குமோ அந்த வெற்று வானத்தில் சுட்டார். அவ்வளவு முன்தள்ளிக் குறிவைக்கும்போது இலக்கு தன் விமானத்தின் மூக்குக்குக் கீழே மறைந்துவிடும். அவர் விசையை அழுத்தும் கணம் அதுதான். குண்டுகள் எஞ்சினையும் காக்பிட்டையும் தாக்கும்.

அவர் ஓட்டிய எஃப் வகை மெஸ்ஸர்ஷ்மிட்டில் ப்ரொபெல்லரின் நடுத்தண்டு வழியாகச் சுடும் ஒரு பீரங்கியும் எஞ்சினுக்கு மேல் இரண்டு எந்திரத் துப்பாக்கிகளும் மட்டுமே. மூன்றும் மூக்கு நடுவிலேயே இருந்ததால் குண்டுகள் சிதறாமல் ஒரே கோட்டில் போகும். சராசரி விமானிகளுக்கு இந்த ஆயுதம் குறைவு என்றே பலர் புகார் சொன்னார்கள். இவர் கையில் அது கத்தியானது. ஒரு வெற்றிக்குச் சராசரியாகப் பதினைந்து குண்டுகளே செலவழித்தார் என்பது அவரைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கு.

1942 ஜூன் 3 அன்று பிர் ஹக்கீம் கோட்டைமேல் குண்டு போடப் போன ஸ்டூக்கா விமானங்களுக்குக் காவலாகச் சென்றபோது, தென்னாப்பிரிக்க ஸ்குவாட்ரன் ஒன்றின் டோமஹாக்குகள் ஆறை 11 நிமிடங்களில் வீழ்த்தியதாகக் கணக்கு. எதிரில் இருந்தவர்களும் கத்துக்குட்டிகள் இல்லை; அனுபவம் மிக்க விமானிகள் அதில் இருந்தார்கள்.

ஸ்குவாட்ரன் அவரைச் சுற்றி அமைந்தது

பதக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1942 பிப்ரவரியில் ஜெர்மனியின் உயர் வீரப்பதக்கமான நைட்ஸ் கிராஸ், பிறகு அதன் மேல்நிலைகள்: ஜூன் 6 அன்று ஓக் இலைகள், ஜூன் 17 அன்று நூறைத் தாண்டியதற்கு மறுநாளே வாள்கள், செப்டம்பரில் வைரம். இடையில் ஜூன் 8 அன்று ஸ்குவாட்ரன் தலைவரானார். ஹிட்லர் கையால் விருது, ரோமில் முசோலினியின் பதக்கம், பத்திரிகைப் படங்கள், பெர்லினில் வரவேற்பு. கோடையில் இரண்டு மாதம் இதிலேயே போனது. ஓய்வு என்ற பெயரில் அரசு அவரை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது.

இதைவிட முக்கியம், களத்தில் அவரது அணி பறந்த விதம். ஒரு வெற்றியை அங்கீகரிக்கச் சாட்சி வேண்டும். இடம், நேரம், விமான வகை எல்லாம் வேண்டும். ஆகவே அவருடைய விங்மேன் பெரும்பாலும் சுடவே மாட்டார். பின்னால் நின்று காவல் காப்பார், வீழ்ந்த விமானங்களை எண்ணிக் குறித்துக்கொள்வார். ‘பறக்கும் எண்ணும் மெஷின்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. மற்ற ஜோடிகள் உயரத்தில் நின்று காவல் இருந்தன. ஒருத்தர் சதம் அடிக்கட்டும் என்று மற்றவர்கள் ஒரு ரன் எடுத்து ஸ்ட்ரைக்கை மாற்றிக் கொடுக்கிற மேட்ச் மாதிரி. அந்த விங்கில் ஆப்பிரிக்காவில் வந்த வெற்றிகளில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேரின் பெயரில்தான் இருக்கிறது.

இதைத் தளபதிகள் தெரிந்தே அனுமதித்தார்கள். காரணமும் இருந்தது. ஆட்கள் குறைவு, எரிபொருள் குறைவு, எதிரியின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஒரு ஆள் மூன்று நிமிடத்தில் மூன்று விமானத்தை வீழ்த்துகிறார் என்றால் அவருக்கு வழிவிடுவதுதான் சிக்கனம் என்று தோன்றியிருக்கும். பெர்லினும் அதைத்தான் கேட்டது.

எண்ணிக்கை மீதான இந்த வெறிக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. 1942 ஆகஸ்டில் இதே விங்கின் இன்னொரு ஸ்குவாட்ரனில் நான்கு விமானிகள் சேர்ந்து, நடக்காத சண்டைகளுக்குப் பொய் வெற்றிகளைப் பதிவு செய்துவந்தது வெளிப்பட்டது. இந்த ஆய்வுக்குரிய விமானி அந்தக் கூட்டத்தில் இல்லை. அவரது வெற்றிகளை எதிர்த்தரப்பின் இழப்புப் பதிவேடுகளோடு பொருத்திப் பார்த்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பொருந்துவதாக மதிப்பிடுகிறார்கள். நொடிகளில் நடந்து முடியும் சண்டையில் இவ்வளவு பொருந்துவதே அதிகம். எந்த நாட்டு விமானிக்கும் இந்த இடைவெளி இருந்தது.

1942 செப்டம்பர் 1

ஆகஸ்ட் 30 இரவு, வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன்-இத்தாலியப் படைகளை நடத்திய ரோம்மெல் அலம் ஹல்ஃபா மேட்டை நோக்கி எகிப்தில் தன் கடைசிப் பெரிய தாக்குதலைத் தொடங்கினார். அது வெற்றி பெற்றிருந்தால் நைல் வரை வழி திறந்திருக்கும். செப்டம்பர் 1 அன்று நம் விமானி மூன்று முறை பறந்தார். காலையில் நான்கு, முற்பகலில் பத்து நிமிடங்களுக்குள் எட்டு, மாலையில் ஐந்து. மொத்தம் 17. இந்த எண்ணிக்கை முழுவதையும் எதிர்த்தரப்புப் பதிவுகள் உறுதிப்படுத்தவில்லை என்றாலும் பாதிக்குப் பாதி எடுத்துக்கொண்டால்கூட அசாத்தியமான நாள்.

அதே நாளில் தரையில் என்ன நடந்தது? நேச நாடுகளின் பாஸ்டன், பால்டிமோர் குண்டுவீச்சு விமானங்கள் அணி அணியாக வந்து மணலில் சிக்கிக் கிடந்த ஜெர்மன் டாங்குகள், லாரிகள் மேல் குண்டு போட்டுவிட்டுப் போயின. இரவில் வேறு விமானங்கள் வெளிச்சக் குண்டு போட்டு அதே வேலையைத் தொடர்ந்தன. தாக்குதலின் முதல் இரவிலேயே, ரோம்மெலின் கீழ் இருந்த ஆப்பிரிக்கப் படையின் தளபதி விமானத் தாக்குதலில் காயமடைந்து களத்திலிருந்து கொண்டுபோகப்பட்டார். எரிபொருள் வரவில்லை. செப்டம்பர் 2 அன்று ரோம்மெல் தாக்குதலைக் கைவிட்டார்.

ஆப்பிரிக்காவில் இந்த விமானியின் 151 வெற்றிகளை வகை பிரித்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். கர்ட்டிஸ் விமானங்கள் 101, ஹரிக்கேன்கள் 30, இன்னொரு பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயர்கள் 16. இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் வெறும் 4. அந்த விங் முழுவதிலும் சாய்வு இதே பக்கம்தான். ரோம்மெலின் டாங்குகளை நொறுக்கியவை குண்டுவீச்சு விமானங்கள். அந்த 147 சண்டை விமானங்களில் பல அவற்றுக்குக் காவலாக வந்தவை. காவலாளிகளை வீழ்த்துவது கண்ணுக்குத் தெரிகிற வெற்றி. அதற்குள் குண்டுகள் தரையில் விழுந்துவிட்டன. அவரை இதற்குக் குறை சொல்வதைவிட, குண்டுவீச்சு விமானங்களே முதல் இலக்கு என்று கட்டாயப்படுத்தாத தளபதிகளைத்தான் கேட்க வேண்டும். புள்ளிப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் என்று இருந்தபோது எது எளிதோ அதுதான் நடந்தது.

களைப்பு

செப்டம்பரில் மட்டும் 54 வெற்றிகள் அவர் பெயரில் ஏறின. 6, 7 தேதிகளில் குரூப்பின் இரண்டு முன்னணி விமானிகள் அடுத்தடுத்து மாண்டார்கள்; அதில் ஒருவர் அவருக்கு நெருங்கிய நண்பர். 26-ஆம் தேதி ஒரு ஸ்பிட்ஃபயருடன் நடந்த நீண்ட சண்டையில் கடைசி வெற்றி வந்தது. இறங்கியபோது கை நடுங்கியது, முகம் வெளிறியிருந்தது என்று உடனிருந்தவர்கள் பின்னால் எழுதினார்கள். முன்பெல்லாம் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறவர், இந்த முறை ஒரே எதிரியோடு கால் மணி நேரம் போராடினார்.

அந்த வாரத்தில் ரோம்மெல் அவரைத் தன்னோடு பெர்லினுக்கு அழைத்ததாகவும், செப்டம்பர் 30 அன்று ஹிட்லர் பேசும் கூட்டத்துக்கு வரச் சொன்னதாகவும், அந்த ஆண்டு போதுமான விடுப்பு எடுத்துவிட்டேன், கிறிஸ்துமஸுக்குத் திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவர் மறுத்ததாகவும் குறிப்புகள் உள்ளன. களத்திலிருந்து அவரை விலக்கி வைக்கும் அதிகாரம் குரூப் தளபதிக்கு இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியிருந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புதிய விமானம்

செப்டம்பர் மாத இறுதியில் குரூப்புக்கு மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் ஜி வகை விமானங்கள் சில வந்தன. எஃப் வகையில் இருந்த 33.9 லிட்டர் டைம்லர்-பென்ஸ் 601 எஞ்சினுக்குப் பதில் இதில் 35.7 லிட்டர் கொள்ளளவு கொண்ட 605. கிட்டத்தட்ட அதே எஞ்சின் உடலில் சிலிண்டர்களை அகலமாக்கிப் பலத்தைக் கூட்டியிருந்தார்கள். ஆயில் ஓட்டத்திலும் தாங்கிகளிலும் தொடக்கத்திலிருந்தே கோளாறு. எஞ்சின் சூடேறித் தீப்பிடிப்பது மற்ற களங்களிலும் நடந்தது. அதனால் எஞ்சினுக்கு முழு பலம் தரும் பூஸ்ட் அழுத்தத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று பின்னால் மாதக்கணக்கில் தடையே இருந்தது. அதாவது, எதற்காகப் புது எஞ்சின் வந்ததோ அந்தக் கூடுதல் பலத்தையே பயன்படுத்த முடியாத நிலை.

விமானிக்கு இது தெரியும். இந்த எஞ்சின் அடிக்கடி பழுதாகிறது, வேண்டாம் என்று பழைய எஃப் வகையிலேயே பறந்தார். அவரது ஸ்குவாட்ரனும் அப்படியே. பிறகு தென்முனைப் படைகளின் தலைமைத் தளபதி ஃபீல்டு மார்ஷல் கெஸ்ஸல்ரிங்கின் உத்தரவு வந்தது: புதிய விமானங்களில்தான் பறக்க வேண்டும். மனமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

கெஸ்ஸல்ரிங்கின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஸ்பிட்ஃபயர்கள் எகிப்துக்கு வந்துகொண்டிருந்தன. படை முழுவதும் புது வகைக்கு மாற வேண்டிய நேரம். பேர்பெற்ற விமானியே புதியதைத் தொடமாட்டேன் என்றால் மற்றவர்கள் எப்படித் தொடுவார்கள்? ஆனால் அதே விமானி ஏன் மறுக்கிறார் என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் பதில் இல்லை. பழுதாகும் எஞ்சினைப் பற்றி அன்றாடம் சண்டையில் பறக்கிறவன் சொல்கிற புகார், ஒழுங்குக்குப் பேர்போகாத ஒருவரின் பிடிவாதமாகப் பார்க்கப்பட்டதா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பயிற்சிக் காலத்திலிருந்தே அவர் கோப்பில் இருந்தவை அப்படிப்பட்ட குறிப்புகள்தானே.

செப்டம்பர் 30

காலையில் ஸ்டூக்காக்களுக்குக் காவல் பணி. புத்தம்புது ஜி-2 விமானம். எதிரி தென்படவில்லை. ரேடியோவில் வேறொரு திசையில் எதிரி நடமாட்டம் என்று தகவல் வந்து அங்கேயும் போய்ப் பார்த்தார்கள், சண்டை கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் காக்பிட்டுக்குள் புகை வரத் தொடங்கியது.

அப்போது அவர்கள் இன்னும் எதிரியின் நிலப்பகுதிக்கு மேல் இருந்தார்கள். உடனே குதித்தால் சிறைப்பிடிப்பு நிச்சயம். ஜெர்மன் படைகளின் கையிலிருந்த பகுதியின் எல்லை மேற்கே சில நிமிடங்களில். அவர் விமானத்திலேயே இருக்க முடிவெடுத்தார். அந்த நேரத்தில் அது அவசரக்காரத்தனமான முடிவு ஆகாது. விமானம் இன்னும் பறந்துகொண்டிருந்தது. அதற்கு முன் பலமுறை பழுதான விமானத்தை இறக்கிக் காட்டியிருக்கிறார். விங்மேன்கள் இருபக்கமும் நெருங்கி வந்து, இடப்பக்கம், வலப்பக்கம் என்று ரேடியோவில் வழிகாட்டினார்கள். அவருக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. மூச்சு விட முடியவில்லை என்றார்.

சீதி அப்துர் ரஹ்மானுக்குத் தெற்கே ஜெர்மன் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். இனிமேல் தாங்காது, குதிக்கிறேன் என்றார். அந்த விமானத்திலிருந்து குதிக்கும் வழக்கமான முறை இதுதான்: மேல்மூடியைக் கழற்றி வீசு, விமானத்தைத் தலைகீழாகப் புரட்டு, பெல்ட்டை அவிழ்த்து விழுந்துவிடு. அவரும் அப்படியே செய்தார். ஆனால் புகையில் அடிவானமும் தெரியவில்லை, தன் வேகமும் தெரியவில்லை. புரண்ட விமானத்தின் மூக்கு கீழே இறங்கி, அது செங்குத்தான பாய்ச்சலுக்குப் போய்விட்டது. அந்த வேகத்தில் வெளியே வந்தவரைக் காற்று பின்னால் தள்ளி வாலின் செங்குத்துத் துடுப்பில் மோதவைத்தது. மார்பின் இடப்பக்கம் அடி. அந்த இடத்திலேயே இறந்திருக்கலாம், அல்லது நினைவிழந்திருக்கலாம்.

பாராசூட் விரியவில்லை. உடலைப் பார்த்த மருத்துவர் குறித்துவைத்தவை இரண்டு: கைக்கடிகாரம் 11.42-இல் நின்றிருந்தது; பாராசூட்டின் இழுப்புப் பிடி பூட்டிய நிலையிலேயே இருந்தது. அதாவது அதை இழுக்க அவர் கை போகவே இல்லை.

விசாரணை

விசாரணைக் குழு சதிவேலை, விமானியின் தவறு இரண்டையும் நிராகரித்தது. எஞ்சினின் டிஃபரன்ஷியல் கியரில் ஏற்பட்ட சேதம், அதனால் ஆயில் கசிவு, பிறகு பல்சக்கரத்தின் பற்கள் உடைந்து ஆயில் பற்றிக்கொண்டது என்பது அறிக்கையின் முடிவு. எல்லாம் இயந்திரக் கோளாறு. அந்த இயந்திரத்தில் அவரை ஏற்றிய உத்தரவு விசாரணையின் வரம்புக்குள் வரவில்லை. விசாரிக்கிறவர்கள் உத்தரவு போட்டவருக்குக் கீழே இருப்பவர்கள் எனும்போது அது எப்படி வரும்?

அதன் பின்

அக்டோபர் 1 அன்று லிபியாவின் டெர்னாவில் ராணுவ மரியாதையுடன் அடக்கம். இரங்கல் உரை ஆற்றியவர்களில் கெஸ்ஸல்ரிங்கும் ஒருவர்.

ஒரே மாதத்தில் மூன்று முன்னணி விமானிகளை இழந்த குரூப்பின் மனநிலை உடைந்துபோனது. ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு அதைக் களத்திலிருந்தே விலக்க வேண்டி வந்தது. எகிப்தின் எல் அலமைனில் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் பெருந்தாக்குதல் அக்டோபர் 23 அன்று தொடங்கியது. ஜெர்மன் சண்டை விமானங்கள் மிக அதிகம் தேவைப்பட்ட காலம் அது. ஆண்டு முடிவதற்குள் 27-வது விங் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேற, வேறொரு விங் அதன் இடத்துக்கு வந்தது.

இதற்கு விளக்கம் துக்கம் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றரை ஆண்டாக விங்மேன்கள் எண்ணினார்கள், காவல் காத்தார்கள், சுடவில்லை. சுடுகிறவர் போன பிறகு அவர்களில் எத்தனை பேருக்குச் சுட்டுப் பழக்கம் இருந்திருக்கும்? அவர் தன் முறையைச் சொல்லிக்கொடுக்கவும் முயன்றதாகத் தெரிகிறது. பிடிபடவில்லை என்றே தோழர்கள் சொன்னார்கள். அவ்வளவு முன்தள்ளிக் குறிவைப்பது கணக்கால் வருவதைவிடக் கைப்பழக்கத்தால் வருவது. மற்றவர்களுக்கு அந்தப் பழக்கத்துக்கான நேரமும் சுதந்திரமும் யாரும் கொடுக்கவில்லை.

போருக்குப் பிறகு 1975-இல் ஜெர்மனியின் வடக்கே உள்ள ஒரு விமானப்படை முகாமுக்கு அவர் பெயர் வைத்தார்கள். அது சரியா என்ற விவாதம் அங்கே நீண்டகாலம் இருந்தது; 2021-இல் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள்.

எவை மாறியிருக்க வேண்டும்

முதலில் இலக்கு. காவல் விமானங்களை வீழ்த்துவதற்கும் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்துவதற்கும் ஒரே மதிப்பு என்றிருந்ததை மாற்றாமல் வேறு எதை மாற்றியும் பயனில்லை. இதற்குப் புது ஆயுதமோ கூடுதல் எரிபொருளோ தேவையில்லை. காலை உத்தரவில் ஒரு வரி போதும், பதக்கங்களையும் அதற்கேற்ப அளந்தால். ஆனால் பதக்கங்களைப் பெர்லின் அளந்தது, பெர்லினுக்கு வேண்டியது படத்தில் போட ஒரு முகம். களத்திலிருந்த தளபதியால் மட்டும் இதைச் சரிசெய்திருக்க முடியுமா என்பது சந்தேகமே.

குரூப் தளபதி 1941-இல் பயிற்சிக்கு இடம் கொடுத்தது நல்ல முடிவு. அதை ஒருவரோடு நிறுத்தியதுதான் பிழை. அதே சலுகையை ஸ்குவாட்ரனில் இன்னும் நாலு பேருக்குக் கொடுத்து, விங்மேன்களை முறைவைத்து முன்னால் அனுப்பியிருந்தால் எண்ணிக்கை குறைந்திருக்கும், செப்டம்பரில் எல்லாம் ஒரே ஆளின் தலையில் ஏறியிருக்காது.

ஓய்வை விமானியிடமே கேட்டு முடிவு செய்யக் கூடாது. களைத்தவர் களைப்பை ஒப்புக்கொள்வது அரிது. 22 வயதில் 158 என்ற எண்ணைச் சுமக்கிறவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். கை நடுங்குவதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் போய்ச் சொல்லவும், சொன்னால் பறப்பது நிற்கவும் ஒரு ஏற்பாடு இருந்திருக்க வேண்டும்.

எஞ்சின் விஷயத்தில் உத்தரவு போடுவதற்கு முன், புதிய விமானங்களை எதிரிப் பகுதிக்கு அனுப்பாமல் சொந்த எல்லைக்குள் சில வாரம் ஓட்டிப் பார்த்திருக்கலாம். அதே கோளாறு டெர்னாவுக்கு மேல் வந்திருந்தால் முதல் புகையிலேயே குதித்திருப்பார். எல்லைக்கு அப்பால் வந்ததால்தான் அந்தச் சில நிமிடங்கள் காத்திருந்தார். அந்த நிமிடங்களில்தான் கண்ணும் மூச்சும் போயின.

கடைசியாக, புகை நிறைந்த காக்பிட்டிலிருந்து எப்போது குதிப்பது என்ற முடிவு. அதை உள்ளே இருப்பவரிடம் விடுவதில் அடிப்படையிலேயே கோளாறு உண்டு. தன் விமானம் எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் போகிறது என்பதே அவருக்குத் தெரியாது. வெளியே பக்கத்தில் பறக்கிறவருக்கு அது நன்றாகத் தெரியும். மூக்கு இறங்குகிறது, நிமிர்த்து, வேகத்தைக் குறை, இப்போது குதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லும் பொறுப்பை முன்கூட்டியே விங்மேனுக்குக் கொடுத்து, தரையில் ஒத்திகையும் பார்த்திருக்க வேண்டும். அன்று அவர் பக்கத்தில் பறந்தவர்கள் திசை சொன்னார்கள், எல்லை வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்கள் எல்லோரும் அவருக்குக் கீழே பணியாற்றியவர்கள்.